ஆகஸ்ட் பதினாறாம் தேதித் தாள்

உலகம் அழியப் போவுதுன்னு கிள்ளான்ல ஒரு வீட்டையே கலங்க வச்சது நான்தான். எனக்கு மூக்கு மேல கோவம் வரும், வாயும் கொஞ்சம் நீளம், ஒத்துக்கிறேன். ஆனா செஞ்ச தப்பை அடுத்தவங்க தலையில கட்டுற புத்தி கிடையாது. அதனால முதல்லயே சொல்லி வச்சுட்டேன்.

என் பேரு கோமதி. பிரிக்பீல்ட்ஸ்ல சோலையப்பன் முதலாளியோட அச்சகத்துல புரூப் பாக்குறவ. இது நடந்த எண்பத்தேழுல எனக்கு அங்க பதினாலு வருஷ சர்வீஸ். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு எல்லாம் அடிப்போம். ஆனா எங்க பேரை ஊருக்குச் சொன்னது தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர்தான். இந்தியாவுலேர்ந்து பஞ்சாங்கம் வரும். அதுல இருக்கிற நேரத்தையெல்லாம் நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தணும். எண்பத்திரண்டுல அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சப்போ, ராகு காலத்தையும் தள்ளணுமா வேணாமான்னு பாதி பிரிக்பீல்ட்ஸ் எங்க கடை வாசல்ல நின்னு சண்டை போட்டுச்சு. டாக்டர் ஒண்ணு சொன்னா ரெண்டாவது டாக்டர்கிட்ட போய்க் கேக்குற ஜனங்க, எங்க காலண்டர் சொன்னா அதோட பேச்சை நிறுத்திக்குவாங்க. அந்த மரியாதையில எனக்கும் கொஞ்சம் திமிர் இருந்துச்சு.

ஒவ்வொரு தாளுக்கும் அடியில ரெண்டு வரி இடம் இருக்கும். ‘அறிந்துகொள்வோம்’னு தலைப்பு. தேன் கெட்டுப்போகாது, ஒட்டகச்சிவிங்கி குனிஞ்சுதான் தண்ணி குடிக்கும், இந்த மாதிரி. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளைக்கும் தேடிப் பிடிச்சுப் போடுறது என் வேலை. எண்பத்தாறு செப்டம்பர்ல, அடுத்த வருஷக் காலண்டருக்கு விஷயம் பத்தாம, ஒரு பழைய இங்கிலீஷ் வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். அதுல ஒரு அமெரிக்கக்காரர், மெக்சிகோ ஆதி ஜனங்களோட காலண்டர்படி 1987 ஆகஸ்ட் பதினாறோட ஒரு பெரிய சுற்று முடியுது, மறுநாள் புதுசு ஆரம்பிக்குதுன்னு சொல்லியிருந்தார். தேதியோட விஷயம் கிடைச்சா காலண்டர்காரிக்கு அல்வா மாதிரி. உடனே எழுதினேன்.

‘மெக்சிகோ நாட்டு ஆதி மக்களின் காலண்டர் இன்றுடன் முடிவடைகிறது. நாளை அவர்களுக்குப் புதிய சுற்று தொடங்குகிறது என்கிறார் ஓர் அமெரிக்கர்.’

கடைசி புரூப்ல பாத்தா, அந்தத் தாள்ல கிருஷ்ண ஜெயந்தி வருது. அதுக்கு மேல ஒரு வரி வேணும். இடம் இல்ல. நான் யோசிக்கவே இல்ல, ரெண்டாவது வரியை வெட்டித் தூக்கிட்டேன். பிள்ளையார் படத்துல தும்பிக்கையை வெட்டின மாதிரின்னு எனக்கு அப்பத் தோணல. தாள் அச்சாயிடுச்சு, கடை கடையா, வீடு வீடா ஆணியில தொங்கிடுச்சு.

அடுத்த வருஷம் ஜூலை கடைசியில ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. அவங்களை எனக்கு ஏற்கெனவே தெரியும். பேரு நல்லம்மாள், கிள்ளான். வீட்டுக்காரர் வேலாயுதம், துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் பிறந்தது போன பிரபவ வருஷம், ஆவணி மாசம், ரோகிணி நட்சத்திரம். அறுபது வருஷமும் சுத்தி முடிஞ்சு அந்த சித்திரையில மறுபடி பிரபவ பிறந்திருந்துச்சு. ஆவணி ரோகிணி வந்தது ஆகஸ்ட் பதினேழு, திங்கட்கிழமை. அன்னைக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகை அடிக்க ரெண்டு வாரம் முன்னாலதான் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருந்தாங்க. அன்னைக்கு அவங்க முகத்துல இருந்த வெக்கத்தைப் பாத்து நான் கிண்டல்கூட பண்ணேன்.

இப்ப முகம் செத்துப் போயிருந்துச்சு.

“கோமதி, கார்டு அடிக்க வேணாம்மா. அவரு கல்யாணம் வேணாம்னுட்டாரு.”

“ஏன் ஆன்டி? உடம்பு சரியில்லையா?”

அவங்க கைப்பையிலேர்ந்து ஒரு தாளை எடுத்து மேசையில வச்சாங்க. எங்க காலண்டர்லேர்ந்து முன்கூட்டியே கிழிச்ச ஆகஸ்ட் பதினாறு. “முகூர்த்தம் பாக்கத் தாளைப் புரட்டினாரு. இதைப் படிச்சாரு. அதுலேர்ந்து சரியாச் சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. நேத்துப் பேப்பர்ல வேற, வெள்ளைக்காரங்க அந்தத் தேதிக்காக மலை மேல ஒண்ணாக் கூடப் போறாங்கன்னு போட்டிருந்தான். உலகம் அழியப் போவுதாம்மா? உங்க காலண்டர்லயே போட்டிருக்குதே.”

அந்த ஒத்தை வரி என்னைப் பாத்து முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

“எனக்கு ஒண்ணும் பெரிய ஆசையெல்லாம் இல்ல,” அவங்க மெதுவாச் சொன்னாங்க. “ஜப்பான்காரன் காலத்துல எங்களுக்குக் கல்யாணம். மஞ்சக் கயித்துல மஞ்சக் கிழங்குத் துண்டுதான் தாலி. கூறைச்சேலை கிடையாது, மேளம் கிடையாது. அறுபதுக்கு ஒழுங்காக் கட்டுறேன்னு அவருதான் சொன்னாரு. நாப்பத்து நாலு வருஷமா அதை நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்.” அவங்க அழல. தாளை மடிச்சு மறுபடி பையில வச்சுக்கிட்டாங்க.

கார்டை நிறுத்த மாட்டேன், பத்து நாள் டைம் குடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். முதலாளிகிட்ட போய், தப்பு நம்மளோடது, பேப்பர்ல ஒரு விளக்கம் போடலாம்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “காலண்டர்ல தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா, அப்புறம் ராகு காலத்தையும் சந்தேகப்படுவாங்க லா. விடு, பதினெட்டாம் தேதி தன்னால தெளிஞ்சிரும்.” பதினெட்டாம் தேதி தெளிஞ்சு யாருக்கு என்ன பிரயோசனம்? பதினேழாம் தேதி கல்யாணம் போயிடுமே. அவர்கிட்ட கத்திட்டு, மத்தியானம் லீவு எழுதி வச்சுட்டுக் கிளம்பினேன்.

யுனிவர்சிட்டியில படிக்கிற என் அண்ணன் மகளோட லைப்ரரி கார்டை வாங்கிக்கிட்டு அங்க போனேன். சண்டைக்கு ஆதாரம் தேடத்தான் போனேன். நாலு நாள் தொடர்ந்து போயிட்டேன், சண்டையே மறந்து போச்சு. என்ன ஜனங்கப்பா அவங்க. முதல்ல, மெக்சிகோன்னு நான் ஒரே மூட்டையாக் கட்டினதே தப்பு. மாயாக்காரங்க வேற, அஸ்டெக்காரங்க வேற, காலமும் வேற. ஆனா கணக்குல எல்லாருக்கும் ஒரு உறவு இருக்கு. இருபது நாள் பேரு ஒரு பக்கம் ஓடும், ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் எண்ணு இன்னொரு பக்கம் ஓடும், நமக்குக் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து ஓடுற மாதிரி. அதுக்குப் பக்கத்துலயே முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் வருஷம் ஒண்ணு. எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கு வர ஐம்பத்திரண்டு வருஷம் ஆகும். நமக்கு அறுபது, அவங்களுக்கு ஐம்பத்திரண்டு, அவ்வளவுதான்.

தொலைநோக்கி கிடையாது. வெறுங்கண்ணாலயே வெள்ளி எப்ப மறையும், எப்ப மறுபடி விடியல்ல எழும்பும்னு நாள் கணக்குத் தவறாம எழுதி வச்சிருக்காங்க. பூஜ்யத்துக்குத் தனியா ஒரு குறி, சிப்பி மாதிரி. இதையெல்லாம் கல்லுல வெட்டியிருக்காங்க. நான் ஒரு தாள்ல ரெண்டு வரி தப்பா அடிச்சா அடுத்த வருஷம் திருத்திக்கலாம். அவன் கல்லுல தப்பு விட்டா என்ன பண்ணுவான்? அந்தப் புரூப் பாத்த மனுஷனை நெனச்சு எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. அவங்க என் தொழில்காரங்க.

எந்தக் கல்லுலயும் 1987 ஆகஸ்ட்ல முடியுதுன்னு இல்ல. அது அந்த அமெரிக்கக்காரர் தானாப் போட்டுக்கிட்ட கணக்கு. மாயாக்காரங்களோட நீளக் கணக்குல 2012ல ஒரு பெரிய சுற்று முடியும், அதுவும் அடுத்த சுற்றுக்குப் போகத்தான். முடியுறதுன்னா அவங்களுக்குப் புதுத் தாள், அவ்வளவுதான். நாங்க டிசம்பர் முப்பத்தொண்ணுக்கு அப்புறம் வெறும் அட்டையை மாட்டி வச்சுட்டு அழுதுக்கிட்டா இருக்கோம்?

ஆகஸ்ட் ரெண்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை, நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கிட்டு கிள்ளான் பஸ் ஏறினேன். பாலம் தாண்டி, ஒட்டி ஒட்டிக் கட்டின டெரஸ் வரிசையில ஒரு வீடு. வேலாயுதம் அங்கிள் நல்ல உயரம், கை ரெண்டும் முறம் மாதிரி. “நீங்கதான் காலண்டர் அம்மாவா?” ன்னு எழுந்து நாற்காலி போட்டார். கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

நான் முதல்ல மன்னிப்புக் கேட்டேன். வெட்டின வரியைச் சொன்னேன். அப்புறம் நோட்டைத் திறந்து எல்லாத்தையும் கொட்டினேன். அவர் ரொம்ப கவனமாக் கேட்டார். பதிமூணும் இருபதும்னு நான் சொன்னதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“பல்சக்கரம்மா அது. பதிமூணு பல்லு ஒண்ணு, இருபது பல்லு ஒண்ணு. இன்னைக்குத் தொட்ட அதே ரெண்டு பல்லு மறுபடி தொட இருநூத்தி அறுபது நாள். சரியா?”

எனக்கு அது புரிய ஒரு முழு மத்தியானம் ஆச்சு. அவர் டீ ஆறுறதுக்குள்ள சொல்லிட்டார். “கெட்டிக்காரப் பசங்க,” ன்னு தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டார். நல்லம்மாள் ஆன்டி அடுப்படி வாசல்ல நின்னு அவர் சிரிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

“அப்புறம் என்ன அங்கிள், உலகம் அழியாதுன்னு புரிஞ்சு போச்சுல்ல. கார்டை அடிச்சிரட்டா?”

“உலகம் அழியும்னு நான் எங்க சொன்னேன்மா? அவ அப்படிச் சொல்லிட்டாளா? காலண்டர் முடியுதுன்னுதான் சொன்னேன்.” அவர் குரல் இறங்கிடுச்சு. “காலண்டர் முடிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

அப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுறேன்.

“ஜப்பான்காரன் வந்தப்போ நாங்க ரப்பர் தோட்டத்துல இருந்தோம். ஒருநாள் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி சுவத்துல இருந்த காலண்டரை எடுத்துப் போட்டான். இனிமே இது நாப்பத்திரண்டு இல்ல, ரெண்டாயிரத்து அறுநூத்தி ரெண்டுன்னான். கடிகாரத்தையும் டோக்கியோ மணிக்கு மாத்தி வச்சுட்டாங்க. அடுத்த வருஷம் ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஆரம்பிச்சான். கல்யாணம் ஆனவனை விட்டுருவான்னு ஒரு பேச்சு. எனக்கு அப்போ பதினாறுகூட முடியல, இவளுக்குப் பதினாலு. அவசர அவசரமாக் கல்யாணம் வச்சாங்க. எது நிஜ மணின்னு யாருக்கும் தெரியல, ஐயர் நிழலைப் பாத்துத்தான் முகூர்த்தம் சொன்னார். தாலி கட்டிட்டு இலையில உக்காந்தேன். மரவள்ளிக்கிழங்கு வச்சாங்க. கையை வைக்கிறதுக்குள்ள ஆள் பிடிக்கிற லோரி வந்திருச்சு. கட்டியிருந்த வேட்டியோட ஏத்திட்டான். எங்க தோட்டத்துல அறுபத்து மூணு பேரு போனோம். ஒன்பது பேரு திரும்பி வந்தோம். ரெண்டரை வருஷம் இவ, தான் சுமங்கலியா விதவையான்னு தெரியாம என் அம்மா வீட்டுல தண்ணி தூக்கிக்கிட்டு இருந்தா. நான் கட்டின தாலிக்கு அவளுக்குக் கிடைச்சது அதுதான்.”

அவர் ஆறிப்போன டீயைத் தள்ளி வச்சார்.

“இப்ப மறுபடியும், காலண்டர் முடியுதுன்னு போட்டிருக்கு, மறுநாள் நான் தாலி கட்டணும். புத்திக்குத் தெரியுதும்மா, எவனும் வர மாட்டான். மனசு கேக்க மாட்டேங்குது. நான் கட்டினா அவளுக்கு ஏதோ வரும்னு பயமா இருக்கு.”

ஒரு வரியை வெட்டினப்போ நான் யாரு நெஞ்சு மேல கத்தி வச்சேன்னு அப்பதான் தெரிஞ்சுது. நோட்டுல மிச்சம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்துச்சு. அது ஆறுதலா இல்லையான்னுகூட யோசிக்காமச் சொன்னேன். மாயா ஊர்க் கோவில் ஒண்ணுல ஒரு கல்வெட்டு இருக்கு. அவங்க ராஜா பட்டம் ஏறின நாள், அந்த ஐம்பத்திரண்டு வருஷச் சுற்று எண்பது தடவை சுத்தி, மறுபடி எப்ப வரும்னு கணக்குப் போட்டு வெட்டியிருக்காங்க. நம்ம கணக்குக்கு அது 4772ஆம் வருஷம்.

“நாலாயிரத்து எழுநூத்தி எழுபத்திரண்டா?” அங்கிள் நிமிர்ந்தார். “அதுவரைக்கும் யாரு இருப்பாங்கன்னு நெனச்சாங்க?”

“தெரியல அங்கிள். அவங்க ஊருகூட இப்ப காட்டுக்குள்ள கிடக்கு. தேதி மட்டும் இருக்கு.”

அவர் சுவத்துல தொங்குற எங்க காலண்டரைப் பாத்தார். “தைரியமான ஆளுங்க,” ன்னார். அப்புறம் ஆன்டி பக்கம் திரும்பாமலே என்கிட்ட சொன்னார். “கார்டை அடிங்கம்மா. பதினேழுன்னே போடுங்க. ஆனா பதினாறாம் தேதி நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. அதையும் இப்பவே சொல்லிட்டேன்.”

கார்டு அடிச்சோம், அன்பளிப்பா. முதலாளி மூச்சு விடல.

பதினாறாம் தேதி மத்தியானம், பூத்தொடுக்க ஆள் வேணும்னு ஆன்டி கூப்பிட்டாங்கன்னு போனேன். வாசல் கேட்டுக்கிட்டயே தெரிஞ்சுது, வீடு சரியில்ல. மகன் கார் பக்கத்துல நின்னு தரையைப் பாத்துக்கிட்டு இருக்கான். மக கண்ணு வீங்கியிருக்கு. முன்ஹால்ல அங்கிள் காலையிலேர்ந்து அதே நாற்காலியில உக்காந்திருக்கார். காக்கி நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, ஷூ. காலடியில ஒரு துணிப்பை. அதுல கம்பளி, உப்புப் பொட்டலம், மலேரியா மாத்திரை, தட்டு, குவளை.

“எங்கயும் போகலம்மா,” ன்னார் என்னைப் பாத்து, ரொம்ப மரியாதையா. “போன தடவை கையில ஒண்ணும் இல்லாமப் போயிட்டேன். அதான். இன்னைக்குப் பொழுது போகட்டும். நாளைக்கு... நாளைக்கு வேணாம்னுதான் படுது.”

மகன் உள்ளே வந்து ஏதோ இங்கிலீஷ்ல சத்தம் போட ஆரம்பிச்சான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னான். நான் அவனை ஒரு பார்வை பாத்தேன், அடங்கிட்டான். பைத்தியம் இல்ல அது. தன் பொண்டாட்டியைக் காப்பாத்த அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது. எனக்கு அவர் மேல அப்ப வந்த மரியாதை கொஞ்ச நஞ்சமில்ல.

நல்லம்மாள் ஆன்டி அடுப்படியில கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை சுட்டுக்கிட்டு இருந்தாங்க. சட்டியை இறக்கி வச்சாங்க. கையைத் துடைச்சுக்கிட்டு, ஹாலை ஒரு தடவை எட்டிப் பாத்தாங்க. அறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. போச்சு, அழறாங்கன்னு நெனச்சேன். எனக்கே கண்ணு கரிச்சுது. பூவைத் தொடவே மனசு வரல.

கால் மணி நேரம் கழிச்சுக் கதவு திறந்துச்சு. வெளிய போறதுக்குக் கட்டுற சேலை கட்டியிருந்தாங்க. கால்ல செருப்பு. கையில ஒரு துணிப்பை. நேரா வந்து, ஒரு நாற்காலியை இழுத்து, அவர் பக்கத்துல போட்டு உக்காந்தாங்க. பையை அவர் பைக்குப் பக்கத்துல வச்சாங்க.

“நீ எங்க கிளம்பிட்ட?” ன்னார் அங்கிள்.

“நாப்பத்து மூணுல என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க. இந்தத் தடவை யாரு வந்தாலும் ரெண்டு பேரையும்தான் ஏத்தணும்.”

“என்ன எடுத்து வச்சிருக்க?”

“உங்க வேட்டி. என் கூறைச்சேலை. தாலி.” ஆன்டி வாசலையே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க. “எங்க இறக்கி விட்டாலும் அங்க கட்டிருங்க.”

மக விசும்புற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு. அங்கிள் அந்தப் பையைப் பாத்தார். எடுத்து மடியில வச்சார், திறக்கல, கையால தடவிக்கிட்டே இருந்தார். வெயில் ஹாலை விட்டு இறங்குற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்க. அப்புறம் அவர் குனிஞ்சு ஷூ கயித்தை அவுத்தார்.

“நாளைக்கு முகூர்த்தம் எத்தனை மணிக்கும்மா?” ன்னு என்னைக் கேட்டார்.

“பத்தரைக்கு மேல பதினொன்றரைக்குள்ள அங்கிள். நானே மூணு தடவை சரி பாத்தேன்.”

மறுநாள் கிள்ளான்ல கோவில் மண்டபத்துல, நாதஸ்வரம் மேளத்தோட அவர் தாலி கட்டினார். மூணாவது முடிச்சு விழுந்ததும் நல்லம்மாள் ஆன்டி அவர் வேட்டி முனையைத் தன் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டாங்க. பந்தியில அவரை உக்கார வச்சு, அவர் சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் அதை விடவே இல்ல.